‘இல்லை’ என்று எழுதிய தாள்கள்

அம்மாவின் தகரப்பெட்டிக்குள் ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கிறது. தம்பியின் ஆஸ்பத்திரித் தாள்கள் அத்தனையும் அதற்குள்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ரேஷன் கார்டைத் தேடப்போய் அந்தப் பை கையில் வந்தது. தேடியதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அதில் மூன்று தாள்களை மட்டும் தனியே எடுத்து வரிசையாக வைத்தேன். ஊசி டெஸ்ட் ஒன்று, சதை டெஸ்ட் ஒன்று, செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணுகிற ஃப்ளோ சைட்டோமெட்ரி ஒன்று. மூன்றும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு ஆட்கள் கையெழுத்துப் போட்டவை. சொன்ன விஷயம் ஒன்றே ஒன்றுதான்: கேன்சர் செல்கள் இல்லை. அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் அரைகுறையாகப் பார்த்தார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று தேதிகளிலும் என் தம்பியின் கழுத்தில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா இருந்தது, நிணநீர்க் கணுக்களில் வருகிற ஒரு கேன்சர்.

நான் மதுரையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருஷமாக ஹிஸ்டோபதாலஜி டெக்னீஷியன். அறுத்தெடுத்த சதையை மெழுகில் பதித்து, மெலிசாகச் சீவி, சாயம் ஏற்றி, டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைப்பது என் வேலை. ‘கேன்சர் செல்கள் இல்லை’ என்கிற வரி ஒரு நாளைக்கு எத்தனை தடவை எங்கள் கூடத்தை விட்டு வெளியே போகிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை. கவுன்டரில் கவரைப் பிரித்ததும் ஜனங்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கேயே கும்பிட்டவர்கள் உண்டு. அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பங்கு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவள்தான். அந்த ஒரு வரி மேல் எனக்கு இப்போது இருக்கும் உறுத்தல் மூன்று வருஷமாக அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கண்டமாலை

எங்கள் ஊர் ராமநாதபுரம் கடற்கரையில், களிமண்குண்டுக்கும் பெரியபட்டினத்துக்கும் பக்கத்தில். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். தம்பி நண்டு வலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இருபத்தாறு வயசு. முதலில் அவனுக்கு வந்தது அரிப்பு. காலிலும் முதுகிலும் ரத்தம் வரும்வரை சொறிவான். உப்புத்தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொன்னோம், தலைமுறை தலைமுறையாக அந்தத் தண்ணிக்குள்ளேயே கிடக்கிற குடும்பம் என்கிற யோசனையே இல்லாமல். அப்புறம் ராத்திரி வேர்வை. பாய் நனைந்து, பாயை எடுத்தால் சிமெண்டுத் தரையில் அவன் படுத்திருந்த வடிவம் ஈரமாகத் தெரியும் என்று அம்மா சொன்னார். அது வெக்கை என்று விட்டார்கள். எடை குறைந்தது. இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே நெறி கட்டியது. வலி இல்லை. வலி இல்லாததாலேயே யாரும் பயப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் கழுத்தில் நெறி கட்டினால் பெரியவர்கள் வாயில் வரும் பேர் கண்டமாலை. டாக்டர்கள் மனதில் முதலில் வருவது டிபி. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் கழுத்தில் இப்படி நாள்பட்டு நெறி கட்டுகிறவர்களில் ஏராளமானவர்களுக்கு உண்மையிலேயே டிபிதான். காய்ச்சல், வேர்வை, எடை குறைவது, நெறி கட்டுவது எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. என் குறை ஒன்றே ஒன்று: டிபிதான் என்று காட்டும் எந்தச் சோதனையும் வராமலேயே மாத்திரை ஆரம்பித்தார்கள். சளியில் கிருமி இல்லை. டிபி கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் சோதனையிலும் இல்லை. ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். ‘கேன்சர் செல்கள் இல்லை, அழற்சியால் வீங்கிய கணு’ என்று தாள் வந்தது. கேன்சர் இல்லையென்றால் டிபிதானே? தாளை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினான். நானும் பார்த்தேன். இதே வேலையில் இருக்கிற நானும் ‘அப்பாடா’ என்று பதில் போட்டேன். அந்தப் பதில் இன்னும் போனில் இருக்கிறது.

ஐந்து மாசம் மாத்திரை சாப்பிட்டான். ஒன்றுக்கு ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று அம்மாவுக்கு நம்பிக்கை. இரண்டாம் மாசம் நெறி கொஞ்சம் வற்றியதும் நம்பிக்கை உறுதியாகிவிட்டது. ஹாட்ஜ்கினில் கணுக்கள் சில சமயம் மருந்தே இல்லாமல் தானாக வற்றும், பிறகு தானாக எழும்பும் என்பதை நான் எப்போதோ படித்திருக்கிறேன். படித்தது ஞாபகத்துக்கு வரவில்லை. நாலாம் மாசம் பழைய அளவைத் தாண்டியது. நீச்சலில் அவனை முந்த ஊரில் ஆள் இல்லை. வள்ளத்திலிருந்து கரைக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது.

மதுரைக்குக் கூட்டிவந்தேன். ஒரு இடத்தில் கணுவை வெட்டி எடுக்கலாம் என்றார்கள். எடுத்தார்கள். எது கைக்குச் சுலபமாக அகப்பட்டதோ அதை எடுத்தார்கள், தோலுக்குக் கீழேயே இருந்த சின்னதை. உளுந்து அளவு. பெரியது உள்ளே, ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. சின்னதில் ஒன்றும் இல்லை. இருக்காது. பெரிய கணுவைச் சுற்றி இருக்கும் சின்னக் கணுக்கள் பக்கத்து வீட்டுச் சண்டைக்கு வாசலில் வந்து நிற்கிறவர்கள் மாதிரி, வீங்கி மட்டும் இருக்கும். இரண்டாவது தாளும் ‘இல்லை’ என்று வந்தது. இனி என்ன என்று தம்பி கேட்கவில்லை. இரண்டு தடவை இல்லை என்றால் இல்லைதானே அக்கா, மாத்திரையை முடித்துவிட்டுக் கடலுக்குப் போகிறேன் என்றான்.

நூறு பேர் நடுவில் ஒருத்தன்

மற்ற கட்டிகளில் கட்டி என்றால் பெரும்பாலும் கேன்சர் செல்களின் குவியல். ஊசியை எங்கே குத்தினாலும் நாலு அகப்படும். ஹாட்ஜ்கின் அப்படி இல்லை. வீங்கிய கணுவில் கெட்ட செல் நூற்றுக்கு ஒன்று இருந்தால் பெரிது, பல சமயம் அதுவும் இல்லை. மீதி அத்தனையும் நம் உடம்பின் சொந்த செல்கள், நோயை எதிர்க்க வேண்டியவர்கள். லிம்போசைட், இயோசினோஃபில், பிளாஸ்மா செல், ஹிஸ்டியோசைட், இடையில் நார். அந்தக் கெட்ட செல்தான் ரசாயன சைகை அனுப்பி இவர்களை எல்லாம் வரவழைக்கிறது. வந்தவர்கள் அதைக் கொல்ல வந்தவர்கள் இல்லை, அதற்குக் காவல் நிற்கப் பழக்கப்பட்டவர்கள். தம்பியின் கழுத்தில் கைக்குத் தட்டுப்பட்ட வீக்கம் கிட்டத்தட்ட முழுக்க இந்தக் கூட்டம்தான்.

இதைப் பார்த்துப் பழகின கண்கள் ஏமாந்த கதை பழையது. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் ஏழு பேரின் கணுக்களையும் மண்ணீரலையும் விவரித்தபோது மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதவில்லை, வெறுங்கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். அவர் எடுத்துப் பாதுகாத்த சதைகளில் சிலவற்றை 1926இல் சீவிப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து. அதிலேயே நோய் தெரிந்தது. சதையை ஒழுங்காக எடுத்து ஒழுங்காக வைத்தால் அது காத்திருக்கும் என்பதற்கு எங்கள் தொழிலில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது அடுத்து வந்தவர்களின் கதை. வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் 1898இல் அந்தப் பெரிய செல்லைத் தெளிவாக விவரித்தார். இரண்டு கரு, ஒவ்வொன்றின் நடுவிலும் தடித்த ஒரு புள்ளி, ஆந்தை முழித்துப் பார்க்கிற மாதிரி. அதைக் கண்ணால் கண்டவர், இது டிபியின் ஒரு விசித்திர வடிவம் என்றே எழுதினார். நான்கு வருஷம் கழித்து, 1902இல், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டோரதி ரீட் என்கிற இளம் டாக்டர் இதை மறுத்தார். கணுவின் சதையை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார், டிபி வரவில்லை. இது டிபி இல்லை, தனி நோய் என்றார். அந்த செல்லுக்கு இன்றைக்கும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்றுதான் பெயர். களிமண்குண்டுப் பக்கத்தில் என் தம்பி ஐந்து மாசம் விழுங்கிய மாத்திரைகளுக்குப் பின்னால் இருந்த குழப்பம் அன்றைக்கு வியன்னாவில் இருந்த அதே குழப்பம். இவ்வளவு காலம் ஆகியும் கண்டமாலையிலிருந்து அதைப் பிரிக்க மிகவும் நம்பத்தக்க வழி கணுவை முழுசாக எடுத்துப் பார்ப்பதுதான்.

ஐஸ் பெட்டி

மூன்றாவது தடவை நான் விடவில்லை. எங்கள் டாக்டரிடம் போய் நின்றேன். அவர் தம்பியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அறுவை செய்கிறவருக்கு அவரே போன் போட்டார். இருக்கிறதிலேயே பெரியதை எடுக்க வேண்டும், முழுசாக, உறையோடு, நசுக்காமல். ஃபார்மலினில் போடக்கூடாது, உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி உடனே தர வேண்டும். இந்த நாலு வாக்கியத்துக்காக நான் ஐந்து மாசம் தாமதித்திருந்தேன்.

ஃபார்மலின் என்றால் எங்களுக்குச் சோறு மாதிரி. பத்து சதவீத ஃபார்மலினில் போட்ட சதை அழுகாது, அப்படியே இறுகும், மணிக்கு ஒரு மில்லிமீட்டர் என்கிற கணக்கில் உள்ளே இறங்கும். ஆனால் அதில் விழுந்த செல் செத்த செல். உயிரோடு இருக்கிற செல்லிடம் மட்டும் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. அவற்றைக் கேட்பதுதான் ஃப்ளோ. கணுவைக் கலைத்து செல்களைத் தனித்தனியாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிடுவார்கள். விநாடிக்கு ஆயிரக்கணக்கில். ஒளி முன்பக்கம் சிதறுவதைக் கொண்டு அளவு, பக்கவாட்டில் சிதறுவதைக் கொண்டு உள்ளே எவ்வளவு துகள். குறிப்பிட்ட ஒரு அடையாளத்தில் மட்டும் ஒட்டுகிற ஆன்டிபாடிகளை முன்கூட்டியே ஒட்டவைத்திருப்பார்கள்; அவற்றின் சாயம் எந்த நிறத்தில் மின்னுகிறது என்பதைக் கொண்டு செல்லின் மேல் என்ன அடையாளம் இருக்கிறது. வரிசையில் போகிறவர்களைத் துளித்துளியாக்கி, மின்னேற்றி, வேண்டிய துளியை மட்டும் ஒதுக்கித் தனிக் குழாயில் விழச்செய்கிற கருவியும் இருக்கிறது. மேக் ஃபுல்வைலர் 1965இல் அதைச் செய்து காட்டினார்.

பல லிம்ஃபோமாக்களுக்கு இது பொட்டில் அடித்த மாதிரி பதில் சொல்லும். லிம்போசைட்டில் பி செல், டி செல் என்று வகைகள் உண்டு. பி செல் ஒவ்வொன்றும் தன் மேல் கப்பா அல்லது லாம்டா என்று ஒரு சங்கிலியைத்தான் அணியும். ஆரோக்கியமான கணுவில் இரண்டு கப்பாவுக்கு ஒரு லாம்டா என்கிற மாதிரி கலந்து இருக்கும். ஒரே செல்லிலிருந்து பெருகிய கேன்சர் கூட்டம் என்றால் எல்லாரும் ஒரே சங்கிலி. ஊர்வலத்தில் அத்தனை பேரும் ஒரே சட்டை போட்டு வந்தால் தெரியாதா, அப்படித் தெரியும்.

அறுவை அரங்கு வாசலில் நின்று அந்தக் கணுவை நான்தான் வாங்கினேன். கொட்டைப்பாக்கைவிடப் பெரிது, சாம்பல் கலந்த வெள்ளை, கையுறைக்குள்ளும் சூடு தெரிந்தது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டாக்டர் கூரிய கத்தியால் குறுக்கே வெட்டினார். வெட்டிய முகத்தை இரண்டு கண்ணாடித் தகட்டில் மெல்ல ஒற்றி எடுத்தார். ஒரு துண்டு ஊட்டக் கரைசலில், அது ராத்திரியே குளிர்பெட்டியில் சென்னைக்கு. ஒரு துண்டு டிபி கல்ச்சருக்கு. மீதி ஃபார்மலினில். இந்தப் பங்கு பிரிப்பு பத்து நிமிஷம்கூட எடுக்கவில்லை. அத்தனை கருவிகளும் அதற்கப்புறம் செய்ததெல்லாம் அந்தப் பத்து நிமிஷம் விட்டுவைத்ததை வைத்துத்தான்.

மறுநாள் சாயந்திரம் சென்னையிலிருந்து ஃப்ளோ ரிப்போர்ட் மெயிலில் வந்தது. கப்பா, லாம்டா சரியான விகிதத்தில் கலந்திருக்கின்றன. டி செல்கள் கூடுதல். சந்தேகத்துக்குரிய கூட்டம் எதுவும் இல்லை. ஒரு லட்சத்துக்கு மேல் செல்களை எண்ணியிருந்தார்கள். அதுதான் தகரப்பெட்டியின் மூன்றாவது தாள். தம்பிக்கு நான் போன் பண்ணவில்லை.

அதே நேரத்தில் என் மேசையில் அவனுடைய கணுவை மெழுகில் பதித்த பிளாக் இருந்தது. வேறு ஆளைச் செய்யச் சொல்லலாம் என்றார் டாக்டர். நானே செய்கிறேன் என்றேன். பாரஃபின் பிளாக்கை ஐஸில் வைத்துக் குளிரவிட்டு, மைக்ரோடோமில் மூன்று மைக்ரான் தடிமனில் சீவினேன். சுருள் நாடாவாக வருவதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் பிரிந்ததும் கண்ணாடித் தகட்டால் கீழிருந்து ஏந்தி எடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் செய்த வேலை. அன்றைக்கு முதல் நாடா கிழிந்தது, இரண்டாவதும் கிழிந்தது. ஹெமடாக்சிலினில் முக்கி, குழாய்த் தண்ணியில் நீலம் ஏறுகிறவரை காட்டி, இயோசின், ஆல்கஹால், சைலீன். மூடுதகடு ஒட்டியதும் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் கடமையில் சேர்ந்ததுதான். அதற்கு மேல் பார்ப்பது என் வேலை இல்லை. பார்த்தேன்.

முதலில் வெறும் லிம்போசைட் வயல். நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக, ஒரே அளவில், ஏழெட்டு மைக்ரானில் கருநீலப் புள்ளிகள். நடுநடுவே இயோசினோஃபில்களின் செம்மண் நிறம். தகட்டை நகர்த்திக்கொண்டே போனேன். ஒரு நார்ப்பட்டைக்குப் பக்கத்தில், சுற்றியிருப்பவர்களைப் போல நாலைந்து மடங்கு பெரிதாக, வெளிறிய உடம்போடு ஒன்று உட்கார்ந்திருந்தது. இரண்டு கரு. இரண்டிலும் சிவந்த தடித்த புள்ளி. புத்தகத்தில் பார்த்த அதே முழி. அதைச் சுற்றி ஒரு வெள்ளை இடைவெளி, இடைவெளிக்கு வெளியே லிம்போசைட்டுகள் வளையம் கட்டி நின்றன. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. அவனுடைய காறை எலும்புக்கு மேலே, ஐந்து மாசமாக, மூன்று ‘இல்லை’களுக்கு நடுவில் இது உட்கார்ந்திருந்தது. தகட்டில் மார்க்கர் பேனாவால் எந்தக் குறியும் போடாமல் டாக்டர் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவரே கண்டுபிடிக்கட்டும் என்றுதான். அவர் வந்து கூப்பிட அரைமணி நேரம் ஆனது.

அடுத்த நாள் இம்யூனோ சாயங்கள் உறுதி செய்தன. ஒவ்வொன்றும் செல்லின் ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஏறும்; சிடி30, சிடி15 என்பதெல்லாம் அந்தப் புரதங்களின் பெயர்கள். சிடி30 பழுப்பாக ஏறியது, அந்தப் பெரிய செல்களின் விளிம்பிலும் கருவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியாகவும். 1982இல் ஜெர்மனியில் கீல் நகரத்தில் ஒரு ஆன்டிபாடியைக் கொண்டு கண்டுபிடித்த அடையாளம் அது. சிடி15 ஏறியது. பாக்ஸ்5 மங்கலாக ஏறியது, பி செல் பரம்பரை என்பதற்கு அந்த மங்கல்தான் சாட்சி. சிடி20 இல்லை. என்னை நிறுத்தியது சிடி3 தகடு. டி செல்களுக்கு மட்டும் பழுப்பு ஏறும் தகடு அது. அதில் கெட்ட செல்லுக்கு நிறமே இல்லை. பழுப்பு வளையங்கள் மட்டும் தெரிந்தன, ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஒரு வெற்றிடம்.

வளையத்துக்குள் இருந்தது

லட்சம் செல்லை எண்ணிய கருவி எப்படித் தவறவிட்டது? டாக்டரைக் கேட்டேன். சிடி3 தகட்டைக் காட்டினார். பதில் அந்த வளையத்திலேயே இருந்தது. டி செல்கள் அந்தப் பெரிய செல்லோடு பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கின்றன. கணுவைக் கலைத்து ஓடவிடும்போது அது தனியாக வருவதில்லை, கட்டிக்கொண்டிருப்பவர்களோடு கொத்தாக வருகிறது. இரண்டு மூன்று செல் ஒன்றாக ஒட்டிவந்தால் அது பிழை என்று கணக்கிலிருந்து தள்ளிவிடுவதுதான் வழக்கம். அப்படித் தள்ளியதில்தான் குற்றவாளி இருந்தான். தள்ளாமல் விட்டாலும் மேலே ஒட்டியவர்களின் டி செல் அடையாளத்தோடுதான் தெரிவான். இன்னொன்று, அவ்வளவு பெரிய செல் கலைக்கும்போதே உடைந்துபோகவும் செய்யும்.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு 2006இல் இதற்கு வழி கண்டது. இரண்டு செல்களும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் கொக்கிகள் எவை என்பது தெரிந்த விஷயம், டி செல்லில் சிடி2, எதிர்ப்பக்கம் சிடி58, இப்படிச் சில ஜோடிகள். சாயம் இல்லாத ஆன்டிபாடிகளைப் போட்டு அந்தக் கொக்கிகளை அடைத்தார்கள். வளையம் அவிழ்ந்தது. அந்த செல்லைத் தனியாகப் பார்க்கவும் முடிந்தது, பிரித்துச் சேர்க்கவும் முடிந்தது. அதற்கு முன்னால், 1994இல், ஜெர்மனியில் ரால்ஃப் குப்பர்ஸும் கூட்டாளிகளும் இதே காரியத்தை வேறு விதமாகச் செய்திருந்தார்கள். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, தகட்டில் சீவிய சதையிலிருந்து, அந்த செல்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி எடுத்து, ஒற்றை ஒற்றை செல்லின் மரபணுவைப் பெருக்கிப் படித்தார்கள். அப்போதுதான் அது பி செல் வம்சம், ஒரே மூதாதையிலிருந்து வந்த கூட்டம் என்பது நிரூபணமானது. ஹாட்ஜ்கின் எழுதி நூற்று அறுபது வருஷத்துக்கு மேல். கூட்டத்திலிருந்து பிரித்து எடுக்க முடியாததால் அத்தனை காலம் அது யார் என்றே தெரியாமல் இருந்திருக்கிறது. 2015இல் நியூயார்க்கில், ஃப்ளோவில் பிரித்த செல்களின் மரபணுக்களை முழுக்கப் படித்தபோது பி2எம் என்கிற மரபணு அடிக்கடி பழுதாகியிருப்பது தெரிந்தது. பழுதானால் செல் தன் அடையாள அட்டையை வெளியே நீட்டுவதை நிறுத்திவிடும். டி செல்கள் சுற்றி நின்றும் ஏன் அதைக் கொல்வதில்லை என்பதற்கு ஒரு காரணம் இதில் இருக்கிறது.

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஊருக்குப் போனபோது அவர் வாசலில் பாசி பிரித்துக்கொண்டிருந்தார். ஏவாரி எடை போடுவதற்கு முன்னால் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கட்டக்கோரை என்கிற வேறு பாசியையும் சிப்பி, கல்லையும் ஒதுக்க வேண்டும். விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை, பாறை கீறாமல் இருக்கச் சுற்றுவது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பிரித்தேன். மூன்று தாளையும் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கை ஓடியது.

“ஊசியில எடுத்தாகளே, அது ஈரத்துல எடுத்ததா, காஞ்சப்பறம் எடுத்ததா?”

“ஈரம்தாம்மா. ஆனா கொஞ்சூண்டு. எதோட ஒட்டியிருந்துச்சுன்னு தெரியாது.”

“பின்ன எப்படித் தெரியும்? பாறையில எந்த மூலையில, எதுகூட மொளச்சிருக்குன்னு பாத்துல்ல நாங்க கையே வைப்போம். சாக்குல போட்டுக் காயவிட்டுக் கொண்டாந்து இது என்ன பாசின்னு கேட்டா, நானும் எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லிருவேன்.” ஒரு கட்டக்கோரைத் துண்டை எடுத்து ஓரமாகப் போட்டார். “அதுக்குன்னு இல்லைன்னு எழுதுவாகளா? என் கையில அம்புடலைன்னுல்ல எழுதணும்.”

அவருக்கு நான் சொன்ன இன்னொன்று ரொம்பப் பிடித்துவிட்டது. ஃப்ளோவில் செல்களை அடையாளம் காட்டும் சாயங்களில் முக்கியமான ஒன்று ஃபைகோஎரித்ரின். 1982இலிருந்து இதை ஆன்டிபாடியோடு இணைத்துப் பயன்படுத்துகிறார்கள். அது ஆலையில் கலந்து செய்த சாயம் இல்லை, செம்பாசி இனங்களின் உடம்பில் இருக்கும் நிறமி. கடலுக்கு அடியில் குறைந்து வரும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்வதற்காகப் பாசி வைத்திருப்பது. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அந்த இனத்தைச் சேர்ந்தவைதான். “இதுலயா?” என்று கையிலிருந்ததை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பத்து வயசிலிருந்து இதைப் பிடுங்குகிறவர். அகர் கம்பெனிக்குப் போகிறது, ஐஸ்கிரீமில் போடுகிறார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டவர். அன்றைக்கு முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரம்மாக்கள் வரும்போதெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார், மகன் நோயைப் பற்றிச் சொல்லும்போது வராத ஒரு தெளிவோடு.

சிகிச்சையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, அது நடந்த விதத்தில் குறை இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து, மொத்தம் பன்னிரண்டு தடவை. நாலு மருந்தில் ஒன்றான வின்பிளாஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது, எங்கள் பக்கம் மணலில் தானாக முளைத்துக் கிடக்கிற சுடுகாட்டு மல்லிதான் அது. இரண்டாம் சுற்று முடிந்து எடுத்த பெட் ஸ்கேனில் கழுத்தில் எதுவும் ஒளிரவில்லை. முடி கொட்டியது, வளர்ந்தது. இப்போது மறுபடியும் நண்டு வலைக்குப் போகிறான். அந்த ஐந்து மாசத் தாமதம் அவனை எதுவும் செய்யாமல் விட்டது. எல்லாரையும் அப்படி விடுவதில்லை என்பது எங்கள் கூடத்துக்கு வரும் பிளாக்குகளில் தெரிகிறது.

நான் செய்யத் தொடங்கியது ஒன்றுதான். கழுத்துக் கணு என்று பாட்டில் வந்தால் பதிவேட்டில் எண் போடுவதற்கு முன்னால் உள்ளே பார்ப்பேன். ரிப்போர்ட்டில் ‘இல்லை’க்குப் பதில் ‘அனுப்பப்பட்ட மாதிரியில் தென்படவில்லை’ என்று எழுத வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். ஒத்துக்கொண்டார், கூடவே எந்த அளவு கணு, எந்த இடம், முழுசா துண்டா என்பதையும் சேர்க்கச் சொன்னார். கவுன்டரில் அந்த வரியைப் படிக்கிறவர்களின் முகம் முன்மாதிரி மலர்வதில்லை. சந்தேகமாக என்னைப் பார்க்கிறார்கள். ‘அப்படின்னா என்ன மேடம்’ என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்வியை நான் என் தம்பிக்காகக் கேட்டிருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பாட்டில் வந்தது. காலையில் எடுத்தது. சீட்டில் சின்ன வயசுப் பெண், ‘கழுத்து நெறிக்கட்டி, டிபி?’ என்று மட்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் உளுந்து அளவில் ஒன்று கிடந்தது. சீட்டில் இருந்த நம்பருக்குப் போட்டேன்.

“சிஸ்டர், இன்னைக்குக் காலையில எடுத்த நெறிக்கட்டி, இருந்ததுலயே பெருசா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் ஏதோ டிராலி உருளும் சத்தம்.

“மேலாக் கையில பட்டதை எடுத்தாக. பெருசு உள்ள இருக்கு.”

“பொண்ணு கிளம்பிருச்சா?”

“இல்ல, பெட்லதான் இருக்கு. டாக்டர் பக்கத்துலதான் இருக்காக, கொடுக்கவா?”

“கொடுங்க” என்றேன்.